ஞாயித்துக்கெழம ட்ரிப்பு

ஊசி விரலுக்குள் இறங்கியது சத்யப்பிரியாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து மிஷினில் இருந்த தென்றல் போட்ட கூச்சலில்தான் குனிந்து பார்த்தாள். இடது கை ஆள்காட்டி விரல் நகத்துக்கு நடுவில் புகுந்த ஊசி, அடியில் கிடந்த ஷூத் தோலோடு சேர்த்து விரலையும் பிடித்து வைத்திருந்தது.

“யக்கா, கையி! கையப் பாருக்கா!”

யார் விரலோ அங்கே கிடக்கிற மாதிரி இருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தாள். மிஷின் சக்கரத்தை வலது கையால் மெதுவாகச் சுற்றி ஊசியை மேலே தூக்கினாள். அப்புறம்தான் ரத்தம் வந்தது. லைனில் இருந்த பெண்களெல்லாம் எழுந்து ஓடிவந்துவிட்டார்கள். ஒருத்தி தலை சுற்றுகிறது என்று தரையிலேயே உட்கார்ந்தாள். சத்யா மட்டும் ரத்தம் பட்ட தோலைத் தனியாக எடுத்து வைத்து, “இதக் கழிச்சுக்கங்க சார், கறை போவாது” என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள்.

தென்றலுக்கு ஊசியைப் பார்த்து வந்த பயத்தைவிட இந்தப் பேச்சைக் கேட்டு வந்த பயம்தான் பெரிசு. கம்பெனி வண்டியில் பெரம்பலூர் பெரியாஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அவள்தான் அழுதாள். சர்வீஸ் ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். வண்டி அதன் ஓரத்தில் ஏறாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. மாசி மாத வெயிலில் சோளம் கண்ணைக் கூசவைத்தது. சத்யா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஊசி போட்டு, உடைந்த நகத்தை எடுத்து, கட்டுப் போட்டு முடித்த பிறகும் விரலை விடாமல் பிடித்திருந்தார்.

“வலி எப்புடிம்மா இருக்கு?”

“இல்லைங்க.”

“மரத்துப்போற ஊசி போட்டதால இப்ப இருக்காது. அதுக்கு முன்னாடி?”

“அப்பவும் இல்லைங்க.”

டாக்டர் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். “நரம்புல ஒண்ணும் தெரியலையே. ராத்திரி தூங்குறீங்களா?”

“படுக்குறேங்க.”

“வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க.”

“நீங்க?”

பேச்சு முடிந்துவிட்டது என்று எழுந்த சத்யா அப்படியே நின்றாள். என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

“நானும் வூட்லதாங்க இருக்கேன்” என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. “பத்து நாள் ரெஸ்ட்ல இருங்க. விரலுக்கு மட்டும் சொல்லலை. இப்புடியே ஒண்ணும் தெரியாம இருந்தா திரும்பி வாங்க. அதுக்கும் இங்க டாக்டர் இருக்காங்க.”

“சரிங்க” என்றாள். எதற்கும் அவள் சரிங்க என்றுதான் சொல்வாள்.

வாலிகண்டபுரத்துக்கு மேற்கே, ரோட்டைவிட்டு உள்ளே தள்ளிய ஊர் அவளுடையது. தொகுப்பு வீட்டுக்கு முன்னால் தகரம் இறக்கி, அதன் அடியில் ஒரு கட்டில். கட்டிலில் மாமியார் சின்னம்மாள். போன ஆடியில் வெங்காய மூட்டையோடு வரப்பில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் கால் ஊன்றவில்லை. அதுவரைக்கும் அந்தத் தெருவில் வெங்காயம் பிடுங்கப் போகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. விடிவதற்குள் வாசல் வாசலாகப் போய்க் குரல் கொடுத்து ஆள் திரட்டுவாள். காட்டுக்காரன் குடிக்கத் தண்ணி வைக்கவில்லை என்றால் வேலையை நிறுத்தி அத்தனை பேரையும் கரையேற்றிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு இப்போது ஒருக்களித்துப் படுப்பதற்கே ஒரு கை வேண்டியிருந்தது.

அந்தக் கை சத்யாவுடையது. இருட்டோடு எழுந்து மாமியாருக்குத் துணி மாற்றி, துடைத்து, புரட்டிப் போட்டு முதுகுக்குப் பவுடர் தட்டி, சோறு வடித்து, குழம்பு வைத்து, மகள் இலக்கியாவுக்கும் தனக்கும் டப்பாவில் அடைத்து, கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கையில் வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டே ஓடுவாள். மத்தியானம் பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் வந்து கஞ்சி கொடுப்பாள். கஞ்சி மட்டும்தான். மற்றதெல்லாம் சத்யா திரும்பி வருகிற வரைக்கும் காத்துக் கிடக்கும். ஈரத்திலேயே கிடந்தாலும் சின்னம்மாள் இன்னொருத்தியைத் தொடவிட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது. அன்றைக்குப் படுக்கைத் துணி துவைக்கிற நாள். பாக்கி நேரத்துக்கு, வியாபாரி இறக்கிவிட்டுப் போகிற வெங்காயத்தில் காய்ந்த தாள் கிள்ளும் வேலை இருக்கும்.

புருஷன் சக்தி அரியலூரில் டிப்பர் ஓட்டுகிறான். சுண்ணாம்புக் கல்லை மைன்ஸிலிருந்து சிமெண்ட் பேக்டரிக்கு ஏற்றி இறக்குகிற வேலை. வாரத்தில் இரண்டு ராத்திரி வந்தால் அதிகம். வருகிறபோது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். சாப்பிட்டதும் தூங்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ட்ரிப்பு இருக்கிறது என்று ஐப்பசியிலிருந்து அன்றைக்கும் வருவதில்லை.

கட்டுப்போட்ட கையோடு வந்து நின்ற மருமகளைப் பார்த்ததும் சின்னம்மாள் பதறித்தான் போனாள்.

“என்னாடி இது? எப்புடிப் பட்டுச்சு?”

“ஊசி ஏறிடுச்சு அத்த.”

“அய்யய்யோ. கண்ண எங்க வச்சிருந்த? வலிக்குதா?”

“இல்ல அத்த.”

“எத்தினி நாளு லீவு?”

“பத்து நாளு சொல்லியிருக்காங்க.”

சின்னம்மாள் மேலே தகரத்தைப் பார்த்தாள். “பத்து நாளா... அப்ப இந்த மெத்தைய ஒரு தடவ வெயில்ல போட்டு எடுத்துரலாம்ல? நாத்தம் தாங்க முடியலடி.”

அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. மெத்தை நாற்றம் அடித்தது உண்மைதான். சத்யா மறுநாள் ஒரு கையாலேயே இழுத்துக்கொண்டு போய் வெயிலில் போட்டாள். சேதி தெரிந்து வெங்காய வியாபாரி, வீட்டில்தானே இருக்கிறாள் என்று கூடுதலாக இரண்டு மூட்டை இறக்கிவிட்டுப் போனான். சக்தி போன் செய்து, “பாத்து இருந்துக்க புள்ள. நாயித்துக்கெழம ட்ரிப்பு இருக்கு, வர முடியாது” என்றான். சரி மாமா என்றாள்.

லீவு போட்டதும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. முன்பு எதையும் பார்க்க நேரமில்லை. இப்போது பார்க்க முடிந்தது, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது மாதிரி இருந்தது. முருங்கைக்கீரையைக் கையில் வைத்துக்கொண்டு உருவாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கருவாட்டுக் குழம்பு அடிப்பிடித்துத் தெருவுக்கே வாடை வந்தது. அவளுக்கு வரவில்லை. ரெங்கம்மாள் வந்து அடுப்பை நிறுத்தினாள்.

சனிக்கிழமை விடியற்காலையில்தான் அது நடந்தது. சத்யா எழுந்து வெளியே வருவதற்குள் இலக்கியா எழுந்திருந்தாள். அம்மாவுக்குக் கை முடியவில்லையே என்று அவளாகவே செய்ய ஆரம்பித்திருந்தாள். பத்தாவது படிக்கிற பெண். அடுத்த மாதம் பரீட்சை. பல்ப் வெளிச்சத்தில் அப்பத்தாளின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, ஒரு தள்ளலில் அவளைச் சுவர்ப்பக்கம் புரட்டினாள். பழைய துணியை உருவினாள், சுருட்டினாள், வாளியில் போட்டாள். முகம் சுளிக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

சத்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பெனி பாத்ரூம் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் அது. தன் முகம் என்று இதுநாள் வரை அதற்குள் ஒன்றும் தேடியதில்லை. பிள்ளையின் முகத்தில் பார்த்தபோதுதான் அதில் ஆள் இல்லை என்பது தெரிந்தது.

“இலக்கியா, நீ போயிப் படி” என்றாள்.

“முடிச்சிட்டேம்மா.”

“இனிமே செய்யாத.”

“அப்ப யாரு செய்வா?” அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மறுநாள் மாமியாருக்கு எல்லாம் செய்து முடித்து, கட்டு மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். ஸ்டாண்டில் இறங்கியவள் ஆஸ்பத்திரி பக்கம் போகாமல் அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். என்ன கேட்கப் போகிறோம் என்று யோசிக்கவில்லை. இலக்கியா கேட்டதையே கேட்கலாம் என்று மட்டும் இருந்தது. பேரளி தாண்டியதும் காற்றில் சுண்ணாம்புப் பொடி வாசம் வந்தது. அரியலூரை நெருங்க நெருங்க ரோட்டோர வேம்பு, புளி எல்லாம் பச்சை இழந்து சாம்பல் பூத்து நின்றன.

லாரி செட்டு காலியாகத்தான் இருக்கும், அவன் ட்ரிப்பு முடிந்து வரும்வரை உட்கார்ந்திருக்கலாம் என்று போனாள். ஆனால் வரிசையாக அத்தனை டிப்பரும் நின்றன. கேட்டில் இருந்தவர் இளவரசன் என்று சட்டையில் பேர் குத்தியிருந்த நடுவயசு ஆள்.

“சக்திங்களா? இருக்காருங்க. கடேசி வண்டி.”

“ட்ரிப்பு போவலையா?”

“நாயித்துக்கெழம ஏதும்மா ட்ரிப்பு? மைன்ஸே லீவு.”

வண்டிகளுக்கு நடுவே நடந்து போனாள். வேறு ஒரு பெண் இருப்பாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அப்படி இருந்தால் நாலு வார்த்தை கத்தவாவது முடியுமா என்று பார்க்கலாம் என்றுகூடத் தோன்றியது.

கடைசி வண்டியின் கதவு திறந்து கிடந்தது. சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் சக்தி தூங்கிக்கொண்டிருந்தான். சட்டை இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைமாட்டில் ஒரு தண்ணி பாட்டில், காகிதத்தில் சுற்றிய பாதிப் புரோட்டா. வேறு யாரும் இல்லை, வேறு எதுவும் இல்லை. தூக்கம் மட்டும் இருந்தது.

அவனை எழுப்ப வந்த கை நின்றுவிட்டது. படியில் கால் வைத்து ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வெளியே புளியமரத்து நிழல் கண்ணாடியை மூடியிருந்தது. உள்ளே டீசல் வாசம். யாரும் கூப்பிடவில்லை. அவள் பேரைச் சொல்லி எதையும் கேட்க அங்கே ஆளே இல்லை. ஸ்டியரிங்கில் கையை மடித்து, மேலே தலையைச் சாய்த்தாள்.

சக்தி அவள் தோளைத் தொட்டு எழுப்பியபோது நிழல் வேறு பக்கம் போயிருந்தது.

“சத்யா! ஏ சத்யா! எப்ப வந்த? அம்மாவுக்கு எதனாச்சும்...?”

“அத்த நல்லாதான் இருக்கு.”

“கையி எப்புடி இருக்கு?”

“இருக்கு.”

சக்தி சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டான். பித்தானை மாற்றிப் போட்டான், கழற்றி மறுபடி போட்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“டீ வாங்கியாரவா?”

“வேணாம். ட்ரிப்பு இல்லியாமே.”

“ம்.”

“ஐப்பசிலேருந்தே இல்லியா?”

“இருந்துச்சு. மொத ரெண்டு வாரம் இருந்துச்சு. அதுக்கப்பறம்...” அவன் கண்ணாடியில் படிந்திருந்த பொடியை உள்பக்கமாகவே விரலால் தேய்த்தான். அது வெளியே இருந்தது. “வூட்டுக்குன்னு கெளம்புனா காலு வரமாட்டேங்குது சத்யா. அம்மா கட்டுல்ல கெடந்து என்னையே பாக்கும். கேளு, திட்டு, எதனாச்சும் சொல்லுன்னா ஒண்ணும் சொல்லாது. நீயும் அப்புடித்தான். சோத்தப் போட்டு வச்சிட்டு நீ பாட்டுக்கு நடந்துகிட்டே இருப்ப. ஒன்கிட்ட வந்து என்னா செய்யட்டும்னு கேக்கணும்னு வருவேன். கேக்காமத் தூங்கிப்புடுவேன். இங்க வந்தா தூக்கம் வருது. சாராயம் கீராயம்லாம் இல்ல, ஒம்மேல சத்தியமா. சும்மா தூங்குறேன்.”

“தெரியுது.”

“கோவமா?”

சத்யா யோசித்துப் பார்த்தாள். உள்ளே தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

“கோவம் வந்தா நல்லாத்தான் இருக்கும் மாமா. வரல. ஊசி ஏறுனது தெரியல எனக்கு. தென்றலு கத்துனப்பறம் குனிஞ்சு பாக்குறேன். ஒனக்குத் தூங்க ஒரு வண்டி இருக்கேன்னு பொறாமையா இருக்கு. அதான் இப்ப இருக்கு.”

சக்தி கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வர்ற நாயித்துக்கெழம நீ வூட்ல இரு. நான் போறேன்.”

“எங்க போவ?”

“தெரியல. எங்கியாச்சும். சாயந்தரம் வந்துருவேன்.”

“அப்ப அம்மாவ?”

“நீதான் பாக்கணும்.”

“இலக்கியா இருக்குமுல்ல...”

“அத சொல்லாத.” இதைச் சொன்னபோது மட்டும் அவள் குரல் கொஞ்சம் ஏறியது. “அதும் மூஞ்சிய நேத்துப் பாத்தேன். அதுமேல வைக்கக் கூடாது. நீ செய்யி.”

“பெத்த தாயிடி. நான் எப்புடித் தொடச்சு வுடுறது?”

“என்னையவா பெத்துச்சு? நான் செய்யல?”

“பொம்பள ஒடம்பு சத்யா.”

“ஒடம்புதான் மாமா. முடியாத ஒடம்பு. அதுல ஆம்பள பொம்பளைன்னு ஒண்ணுமில்ல. செஞ்சு பாத்தாத் தெரியும்.”

செட்டுக்கு வெளியே ஒரு டீக்கடையில் அவன் போண்டா வாங்கிக் கொடுத்தான். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவளைப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் நகர்ந்த பிறகு, ஜன்னலோடு கூடவே நடந்து வந்து “வரேன். சனிக்கெழமயே வந்துர்றேன்” என்றான்.

சனிக்கிழமை அவன் வந்தபோது சின்னம்மாளுக்கு முதலில் சந்தோஷம். விஷயத்தைக் கேட்டதும் போய்விட்டது.

“என்னாடா சொல்றா இவ? எம்மவன் கையால நானா? அதுக்கு என்னையத் தூக்கி ரோட்ல போடச் சொல்லுடா. அந்த லாரிய ஏத்திட்டுப் போயிரு.”

“ஒரு நாளுதானம்மா.”

“ஒரு நாளுன்னா மானம் ஒரு நாளைக்கு இல்லாமப் பூடுமா? சத்தியா, நான் ஒனக்கு என்னாடி கொற வச்சேன்? ஒன்ன அடிச்சனா, புடிச்சனா? காட்டு வேல ஒனக்கு வேணாம், கம்பெனிக்குப் போன்னு நான்தான அனுப்புனேன்?”

“நீதான் அனுப்புன அத்த. நீ ஒண்ணும் கொற வைக்கல.”

“அப்பறம் என்னா?”

“என்னால முடியல அத்த.”

இதை இவ்வளவு மெதுவாக, ஒரு சாமான் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி அவள் சொன்னாள். சின்னம்மாள் மேற்கொண்டு கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஆனால் அன்று சாயந்தரத்திலிருந்து தண்ணி குடிக்கவில்லை. ரசஞ்சோறு கொடுத்ததை உதட்டால் ஒதுக்கினாள். மறுநாள் முழுக்க அடக்கிக்கொள்வதற்குத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

காலையில் சத்யா குளித்து, புடவை மாற்றி, இலக்கியாவைப் புத்தகப் பையோடு ரெங்கம்மாளின் மகள் வீட்டுக்கு அனுப்பினாள். சக்தி வாசலில் நின்றான். மைன்ஸ் குழிக்குள் டிப்பரை இறக்குகிறவன், இப்போது ஒரு வாளியையும் நாலு துணியையும் பார்த்துக்கொண்டு நின்றான். “மொதல்ல தோள்ல கைகுடுத்துத் தூக்கு. இடுப்புல புடிச்சு இழுக்காத. தகடு இருக்கு” என்றாள். “போயிட்டு வரேன் அத்த” என்றாள். சின்னம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அக்கா வீட்டுக்குப் போனால் என்ன ஏது என்று கேட்பார்கள். கோயிலுக்குப் போனால் வேண்டிக்கொள்ள ஏதாவது வேண்டும். பெரம்பலூர் ஸ்டாண்டில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. போர்டைப் படிக்காமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் பருத்திக் காட்டையும் வெங்காயக் காட்டையும் சுற்றிக்கொண்டு போனது. எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

“எம்மா. கடேசி ஸ்டாப்பிங்கு. எங்கம்மா போவணும்?”

கண்டக்டர் நரைத்த மீசைக்காரர். சத்யா வெளியே பார்த்தாள். ஒரு மேல்நிலைத் தொட்டி, நாலு ஆடு, ஒரு பெட்டிக்கடை.

“தெரியலைங்க. இது திரும்பப் போவுமுல்ல?”

“போவும்.”

“அப்ப திரும்பியே போறேங்க.”

அவர் அவளையும் கைக் கட்டையும் ஒரு தடவை பார்த்தார். “வூட்ல எதும் பிரச்சனையாம்மா?”

“இல்லைங்க. தூங்கணும். அவ்வளவுதான்.”

“அந்தப் பக்கம் வெயிலு அடிக்கும். இந்தப் பக்கமா ஒக்காரு” என்றார். அதற்கப்புறம் அவர் எழுப்பவில்லை. பெரம்பலூர் போய், திரும்ப வந்து, மறுபடியும் போனது பஸ். இடையிடையே விழித்தபோது பக்கத்தில் வேறு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு தடவை யாரோ ஒருத்தியின் குழந்தை மடியில் கால் நீட்டிக் கிடந்தது. அவள் காலை எடுத்துவிடவில்லை. மத்தியானம் அதே பெட்டிக்கடையில் இறங்கி ஒரு கலர் வாங்கிக் குடித்தாள். இனித்தது. இனிப்பு என்று தெரிந்தது. அதைத் தவிர மனசில் புதிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. சந்தோஷமும் இல்லை, வீட்டு நினைப்பும் இல்லை. அவள் அதைப் பெரிதாக எதிர்பார்க்கவும் இல்லை.

பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது கொடியில் மாமியாரின் புடவை தொங்கியது. சரியாகப் பிழியாமல், முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சக்தி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பனியன் மார்பு வரைக்கும் நனைந்திருந்தது. தலையை மட்டும் உள்பக்கம் ஆட்டினான். ஏதோ ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி இருந்தான். ஆனால் அவள் கடந்து போகையில் புடவை நுனியை ஒரு கணம் பிடித்து, விட்டான்.

சின்னம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை வாரியிருந்தது, வகிடு கோணலாக. சத்யா கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். ஒதுக்கிய சோற்றுக் கிண்ணம் அங்கே இல்லை. கழுவிக் கவிழ்த்திருந்தது.

“எங்கடி போன?” சுவரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“எங்கியும் போவல அத்த. பஸ்ல ஒக்காந்திருந்தேன்.”

“சாப்ட்டியா?”

“கலரு குடிச்சேன்.”

தெருவில் யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். சின்னம்மாளின் முதுகு ஒரு தடவை குலுங்கி அடங்கியது. அழுகிறாளா, இருமலா என்று தெரியவில்லை. சத்யா அந்த முதுகில் கை வைத்தாள். தோல் சிவந்திருந்தது.

“வர்ற நாயித்துக்கெழமயும் போவியா?”

“போவேன் அத்த.”

“ம்” என்றாள் சின்னம்மாள். பிறகு, இன்னும் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே, பழைய ஆள் திரட்டுகிற குரலில் பாதிக் குரல் வந்து, “அந்தப் பய தண்ணியக் கொதிக்கக் கொதிக்க ஊத்துறான். பச்சத் தண்ணி ஊத்தி எப்புடி வெளாவுறதுன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போ” என்றாள்.